சில்லின் காயமும் மரத்தின் பாலும்

மோட்டார் வண்டியைத் தாங்குவது எது என்று வினவினால், இரும்புச் சட்டம் என்பர் சிலர். இறப்பர் ரயர் என்பர் வேறு சிலர். உண்மையில் அதைத் தாங்குவது காற்றே. ரயர் என்பது அக்காற்றை அடைத்து வைத்திருக்கும் உறுதியான ஒரு பை. 1,200 கிலோகிராம் நிறையுள்ள சிறிய கார் ஒன்று நான்கு சில்லுகளில் நிற்கும்போது, ஒவ்வொரு சில்லும் ஏறக்குறைய 300 கிலோகிராமைச் சுமக்கின்றது. சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அமுக்கத்தில் காற்று நிரம்பியிருந்தால், அச்சுமை தரையில் சுமார் 22 சதுர அங்குலப் பரப்பில் தங்கும். விரல்களைச் சேர்த்து மேசைமேல் வைத்த ஒரு கையின் அளவே அப்பரப்பு. ஒரு குடும்பம் முழுவதும் ஏறிச் செல்லும் வண்டி, நான்கு கையளவு நிலத்தின் மேல் அடைபட்டுக் கிடக்கும் காற்றை நம்பியே ஓடுகின்றது.

அக்காற்றுக்குப் பகையாக வருவன பெரும்பொருள்கள் அல்ல. கொழும்புத் தெருவிற் கிடக்கும் ஒரு பலகையாணி, யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் வேலியினின்று கழன்று விழுந்த முட்கம்பித் துண்டு, மன்னார்ப் பகுதியில் உதிர்ந்து கிடக்கும் ஓர் உடைமுள் ஆகிய இவற்றுள் ஒன்றே போதும். பகற்பொழுதில் கடைத்தெருவுக்கு அருகே நேர்ந்தால் அஃது அரைமணிநேரத் தொல்லை. நள்ளிரவில், மாங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே, காய்ச்சலால் வாடும் குழந்தையை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் முச்சக்கரவண்டிக்கு அது நேர்ந்தால், அதன் பொருளே வேறு.

இத்தகைய வேளைக்கு உதவுமென்று ஒரு திரவம் கடைகளில் விற்கப்படுகின்றது. சிறு புட்டியில் அடைத்த அத்திரவத்தை வால்வு வழியாக ரயருக்குள் செலுத்தினால், துளை தானே அடைபட்டுவிடும் என்கின்றனர். துளை விழுமுன்னரே அதை இட்டு வைத்தால், ஆணி குத்தினாலும் காற்றுப் போகாது என்றும் கூறுகின்றனர். இவ்விரு கூற்றுகளும் பொய்யல்ல. ஆயினும் முழு உண்மையும் அல்ல. மெய் எவ்வளவு, எல்லை எது என்பதை அறிந்திருத்தல், வண்டி ஓட்டுவோர்க்கு மட்டுமன்றி அதில் ஏறிச் செல்வோர்க்கும் வேண்டிய ஒன்றாகும்.

காற்றடைத்த ரயரின் வரலாறும் அதில் விழும் துளையின் வரலாறும் ஒன்றாகவே தொடங்கின. 1845ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ரொபேர்ட் வில்லியம் தொம்சன் என்பார் காற்றடைத்த சில்லுக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிகளின் காலத்தில் அதை வேண்டுவோர் மிகச் சிலரே. ஆதலின் உலகம் அதை மறந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லொப், தம் மகனின் மூன்றுசில்லுச் சைக்கிள் கல்வீதியில் அதிராமல் ஓடவேண்டுமென்று எண்ணி, இறப்பர்க் குழாயிற் காற்றை அடைத்துச் சில்லைச் சுற்றிக் கட்டினார். அவர் 1888இல் காப்புரிமை பெற்றார். சைக்கிள் பெருகியிருந்த காலமாதலின், இம்முறை உலகம் அதை ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்ட உடனேயே துளையின் தொல்லையும் தொடங்கிற்று. அக்காலத்தில் ரயரைச் சில்லோடு பசையிட்டு ஒட்டிவிடுவர். துளை விழுந்தால் ரயரைச் சில்லிலிருந்து பிரித்தெடுப்பதே பெரும்பாடு. 1889ஆம் ஆண்டளவில் பிரான்சின் கிளேர்மொன்-பெராண் நகரிலிருந்த மிஷெலின் சகோதரரின் தொழிற்சாலைக்கு ஒரு சைக்கிளோட்டி காற்றிழந்த ரயருடன் வந்தார் என்பர். அதைக் கழற்றிச் செப்பனிட மூன்று மணிநேரம் சென்றதாம். பசை உலர மேலும் ஓரிரவு காக்க வேண்டியிருந்ததாம். எளிதிற் கழற்றிப் பூட்டத்தக்க ரயரை அச்சகோதரர் ஆக்க முற்பட்டமைக்கு இந்நிகழ்ச்சியே தூண்டுகோல் என்று சொல்லப்படுகின்றது. 1891இல் பரிசிலிருந்து பிறெஸ்ற் வரை சென்று மீளும் நெடும் சைக்கிளோட்டத்தில், அவர்களின் ரயரைப் பூட்டிச் சென்ற ஷார்ள் தெரோன் வெற்றி பெற்றார். துளை விழாத ரயர் என்பதனால் அன்று. துளை விழுந்தால் விரைவிற் செப்பனிடத்தக்க ரயர் என்பதனாலேயே அது புகழ் பெற்றது.

1895இல் பரிசிலிருந்து போர்தோ வரை சென்று மீளும் மோட்டார் ஓட்டத்தில், மிஷெலின் சகோதரர் தாமே காற்றடைத்த ரயர் பூட்டிய காரொன்றை ஓட்டினர். வழிநெடுக ரயர்கள் மீண்டும் மீண்டும் காற்றிழந்தன. விதித்த 100 மணிநேரத்துள் அவர்களால் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை. ஆயினும் காற்றின் மேல் கார் ஓடும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஏனையோரும் அவ்வழியே சென்றனர்.

அவ்வாறாயின், காற்றே வேண்டாத ரயரைச் செய்தால் என்ன என்ற வினா எழுதல் இயல்பு. அத்தகைய ரயர்கள் இல்லாமலில்லை. உள்ளும் புறமும் இறப்பராலேயே ஆகிய திண்ம ரயர்களை உலகுக்கு ஏற்றுமதி செய்வதில் இலங்கை பெயர் பெற்ற நாடு. துறைமுகங்களிலும் பண்டசாலைகளிலும் சுமை தூக்கும் வண்டிகள் அவற்றின் மேலேயே ஓடுகின்றன. அங்கே வேகம் குறைவு, தரையும் சமமானது. நெடுவீதியில் வேகமாக ஓடும் வண்டிக்கு அவை ஏற்றனவல்ல. திண்ம இறப்பர் விரைந்து நசுங்கி நசுங்கி மீளும்போது உள்ளே வெப்பம் பெருகும். அவ்வெப்பம் வெளியேற வழி குறைவு. அதிர்ச்சியைத் தாங்கும் மென்மையும் அதற்கு இல்லை. ஆகவே காற்றை விடவும் முடியாது; அதனைக் காக்காமலிருக்கவும் முடியாது.

நெடுங்காலம் அக்காவல் ரியூப் எனப்படும் உட்குழாயைச் சார்ந்திருந்தது. 1947இல் அமெரிக்காவின் பி. எவ். குட்றிச் நிறுவனம் ரியூப் இல்லாத ரயரை அறிவித்தது. 1950களின் நடுப்பகுதிக்குள் அந்நாட்டுப் புதிய கார்களில் அது வழக்கமாயிற்று. அதன் உட்புறத்தில் காற்றை எளிதில் விடாத ஓர் இறப்பர்ப் படலம் உண்டு. ரயரின் விளிம்பு றிம்மோடு இறுகப் பொருந்திக் காற்றை அடைத்துக் கொள்ளும். இவ்விரு வகைகளுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். ரியூப் உள்ள ரயரில் ஆணி ஏறினால், இழுபட்டு நிற்கும் மெல்லிய ரியூப் எளிதிற் கிழியும். காற்று அதற்கும் ரயருக்கும் இடையே பரவி, கம்பித் துவாரங்கள் வழியாகவும் வால்வின் ஓரத்தாலும் விரைவில் வெளியேறிவிடும். ரியூப் இல்லாத ரயரிலோ, ஏறிய ஆணியே பெரும்பாலும் அடைப்பாக நிற்கும். காற்று மெல்ல மெல்லக் கசியும். அதனாலேயே, ரியூப் இல்லாத ரயரில் ஆணியைக் கண்டவுடன் பதறிப் பிடுங்குதல் கூடாது. பிடுங்கினால், பத்து மைல் செல்லவிருந்த வண்டி அங்கேயே நின்றுவிடக்கூடும்.

இனி அத்திரவத்தின் இயல்பைப் பார்க்கலாம். அதை விளங்கிக்கொள்ளத் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. கேகாலை, களுத்துறை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டமொன்றில் அதிகாலையில் நிகழ்வதைக் கவனித்தாற் போதும். தொழிலாளி மரப்பட்டையைச் சாய்வாகச் சீவுகின்றார். வெண்பால் வழிந்து சிரட்டையில் விழுகின்றது. சில மணிநேரத்தில் அது தானாகவே நின்றுவிடுகின்றது. மரத்தில் பால் தீர்ந்துவிட்டதனால் அன்று. பாலில் மிதக்கும் நுண்ணிய இறப்பர்த் துணிக்கைகள், வெட்டுண்ட பாற்குழாய்களின் வாயில் ஒன்றோடொன்று திரண்டு அடைத்துக்கொள்வதே காரணம். மனிதரின் விரலிற் கீறல் விழுந்தால் இரத்தம் உறைந்து காயத்தை மூடுவதைப் போன்றது இது.

அம்மரம் இத்தீவின் பழைய மரமன்று. 1876இல் ஹென்றி விக்கம் பிறேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டன் கியூ பூந்தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுள் ஏறக்குறைய 1,900 நாற்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு முன்னோடியாக நின்றவற்றுள் அத்தோட்டமும் ஒன்று.

தோட்டத் தொழிலாளர் நன்கறிந்த வேறோர் உண்மையும் உண்டு. பாலைத் திரவமாகவே வைத்திருக்க வேண்டுமாயின் அதில் அமோனியா சேர்ப்பர். உறையவைத்துத் தகடாக்க வேண்டுமாயின் போமிக் அமிலம் சேர்ப்பர். ரயர் அடைப்புத் திரவங்களுள் ஒரு வகை, இவ்வறிவையே அடிப்படையாகக் கொண்டது. இறப்பர்ப் பாலை நீரில் கலந்து, உறையாதிருக்க அமோனியா போன்றதொரு பொருளையும், குளிர்நாடுகளில் பனியாக உறையாதிருக்கக் கிளைக்கோல் என்னும் பொருளையும் சேர்த்து அதை ஆக்குகின்றனர். சில புட்டிகளைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் வாசனை அமோனியாவினுடையதே.

ரயருக்குள் இத்திரவம் செய்யும் வேலை வியப்புக்குரியது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காரின் சில்லு விநாடிக்கு ஏறக்குறைய ஒன்பது முறை சுழல்கின்றது. அச்சுழற்சியால் உள்ளிருக்கும் திரவம், தன் சாதாரண எடையைப்போல் ஏறக்குறைய தொண்ணூறு மடங்கு விசையுடன் வெளிப்புறம் நோக்கித் தள்ளப்பட்டு, ரயரின் தரைபடும் பகுதியின் உட்புறமெங்கும் மெல்லிய படலமாகப் பரவுகின்றது. அங்கே துளையொன்று இருப்பின், வெளியேறும் காற்று திரவத்தையும் இழுத்துச் செல்லும். குறுகிய வழியில் நெருக்குண்ட இறப்பர்த் துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்கின்றன. நீர் காற்றோடு வெளியேறி உலர்கின்றது. எஞ்சியது ஓர் இறப்பர் முளையாகத் துளையில் இறுகி நிற்கின்றது. துளை சற்றுப் பெரிதாயின் துணிக்கைகள் மட்டும் போதா. ஆதலால் நுண்ணிய நார்களையும் அரைத்த இறப்பர்த் தூளையும் திரவத்தில் கலப்பதுண்டு. ஆற்றின் உடைப்பில் முதலிற் கொம்பும் குழையும் இட்டு, பின்னர் மண்ணைக் கொட்டி அடைப்பதற்கு ஒப்பானது இது.

மற்றொரு வகைத் திரவத்தில் இறப்பர்ப் பால் இராது. கெட்டியான கிளைக்கோல் கலவையில் நார்களும் இறப்பர்த் தூளும் மிதந்து கொண்டிருக்கும். அஃது உறைவதில்லை; நெடுநாள் திரவமாகவே இருந்து, துளை விழுந்த இடத்தில் நார்களைச் செருகி அடைக்கும். ரியூப் உள்ள சைக்கிள்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இவ்வகையே பெரும்பாலும் விற்கப்படுகின்றது. இறப்பர்ப் பாலாலானது விரைவாகவும் உறுதியாகவும் அடைக்கும். ஆனால் உள்ளேயே மெல்ல உலர்ந்துவிடும். வெப்பமான நாட்டில் அது சில மாதங்களுக்கு மேல் நில்லாது. ஆறு திங்களுக்கு முன் இட்டது இன்றும் காக்கும் என்று நம்பிச் செல்பவர், காய்ந்த தோலைச் சுமந்து செல்பவரே ஆவர்.

இத்திரவத்தைப் பயன்படுத்தும் வேளைகள் இரண்டு. ஒன்று, துளை விழுமுன் காவலாக இட்டு வைத்தல். மற்றையது, துளை விழுந்தபின் அவசர உதவியாகச் செலுத்துதல்.

காவலாக இடும்போது அளவு முதன்மையானது. சைக்கிள் ரயருக்குச் சில பத்து மில்லிலீற்றர் முதல் நூறு மில்லிலீற்றர் வரை போதும். பெரிய ரயர்களுக்கு அதனிலும் கூடுதலாக வேண்டும். புட்டியிற் குறித்த அளவைக் கடந்து ஊற்றினால் சில்லின் சமநிலை கெட்டு, வேகமாகச் செல்லும்போது வண்டி நடுங்கும். அமுக்கத்தை அளக்கும் கருவி சில்லினுள் பொருத்தப்பட்ட கார்களில், ஒவ்வாத திரவம் அக்கருவியின் நுண்வாயை அடைத்துவிடக்கூடும். வண்டியின் கைநூலைப் பாராமல் இவ்வேலையிற் புகுதல் தகாது.

அவசர உதவிக்கு ஒரு முறை உண்டு. வண்டியை வீதியோரமாகச் சமதரையில் நிறுத்தி, ஏனையோர்க்குத் தெரியும்படி எச்சரிக்கை விளக்கை எரியவிட வேண்டும். பின்னர்ச் சில்லை நன்கு சோதிக்க வேண்டும். ஆணி தரைபடும் பகுதியில் நின்றால் அதனை அவ்வாறே விட்டுவிடலாம். புட்டியை நன்றாகக் குலுக்கித் திரவத்தைச் செலுத்திக் காற்றடித்தவுடன், தாமதியாது வண்டியை மெல்ல ஓட்டிச் செல்ல வேண்டும். நின்ற இடத்தில் திரவம் அடியில் தேங்குமேயன்றித் துளையைத் தேடிச் செல்லாது. சுமார் பத்து நிமிடம் ஓடியபின் மீண்டும் நிறுத்திக் காற்றை அளந்து பார்ப்பது இன்றியமையாதது. அமுக்கம் 1.3 பார், அதாவது ஏறக்குறைய 19 இறாத்தலுக்குக் குறைந்திருந்தால், வண்டியை மேலும் ஓட்டலாகாது என்று சில கார்களின் கைநூல்கள் விதிக்கின்றன. அந்நிலையில் துளை அடைபடவில்லை என்பதே பொருள். அடைபட்டிருப்பினும் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற் செல்லலாகாது என்பது பெரும்பாலான அவசரப் புட்டிகளிற் காணப்படும் எச்சரிக்கை. தெற்கு அதிவேகப் பாதையிற் கார்களுக்கு 100 கிலோமீற்றர் வரை அனுமதி உண்டு. சட்டம் அனுமதிக்கும் வேகத்தை, அடைப்பிட்ட ரயர் அனுமதிப்பதில்லை.

அண்மைக் காலத்துக் கார்கள் பலவற்றில் மேலதிகச் சில்லும் ஜாக்கியும் வைக்கப்படுவதில்லை. எடையும் இடமும் மிச்சமாகும் என்று கருதி, அவற்றுக்கு ஈடாக ஒரு புட்டித் திரவமும் சிறு காற்றடிக் கருவியுமே வைக்கின்றனர். காரை வாங்கியவர் பலர், துளை விழும் நாள்வரை இதனை அறியார். அறிந்தவரிற் பலர், புட்டியின் மேல் ஒரு காலாவதித் திகதி அச்சிடப்பட்டிருப்பதைப் பாரார். பழைய காரொன்றை வாங்குபவர், அதன் இயந்திரத்தைத் திறந்து பார்ப்பதோடு, பின்பெட்டியில் இருக்கும் அப்புட்டியின் திகதியையும் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

இத்திரவத்தின் எல்லைகள் தெளிவானவை. தரைபடும் பகுதியில் விழுந்த சிறு துளையை மட்டுமே அஃது அடைக்கும். அவசரப் புட்டிகள் பொதுவாக 4 மில்லிமீற்றர் முதல் 6 மில்லிமீற்றர் வரையிலான துளைகளுக்கே பொறுப்பேற்கின்றன. உட்புறத்தில் பிசுபிசுப்பான படலத்தைத் தொழிற்சாலையிலேயே பூசிவிடும் சிலவகை ரயர்களுக்கும் 5 மில்லிமீற்றர் அளவே எல்லை. கல்லின் விளிம்பில் ஏறிக் கிழிந்த ரயருக்கு இது பயன்படாது. பக்கச்சுவரில் விழுந்த துளைக்கும் பயன்படாது. சுழற்சியால் திரவம் தரைபடும் பகுதிக்கே செல்லும் என்பது ஒரு காரணம். பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்வதால், அங்கே எந்த அடைப்பும் நிலையாது என்பது அதனிலும் பெரிய காரணம்.

இவ்வெல்லைகள் பெரும்பாலும் புட்டியிலேயே எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாத அபாயம் ஒன்று உண்டு. அதுவே உயிரோடு தொடர்புடையது.

துளை அடைபட்டு வண்டி ஓடத் தொடங்கியதும், ஓட்டுநர் அதனை மறந்துவிடுகின்றார். இன்று ஓடிற்று, நாளையும் ஓடும் என்று எண்ணுகின்றார். ரயர்க் கடைக்குச் செல்லும் செலவும் நேரமும் மிச்சமாயின என்று மகிழ்கின்றார். ஆயின் காற்றுக் குறைந்த நிலையில் அந்த ரயர் எத்தனை தூரம் ஓடிற்று என்பதை அவர் பார்த்ததில்லை. காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் அளவுக்கு மீறி வளையும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது சூடேறி முறிவதை யாவரும் அறிவர். அதுபோலவே, இறப்பருக்குள் பின்னிக் கிடக்கும் நூல்களும் வெப்பத்தால் நலிந்து, ஒட்டு விட்டு, அறத் தொடங்கும். வெளியே யாதொரு குறியும் தோன்றாமலிருக்கலாம். திரவம் துளையை அடைத்துக் காற்றை நிறுத்திவிட்டது. அறுந்த நூலை அஃது இணைக்கவில்லை. துளை வழியே புகுந்த மழைநீர் உள்ளிருக்கும் எஃகுக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்வதையும் அஃது எப்போதும் தடுப்பதில்லை. பின்னொரு நாள், நடுப்பகல் வெயிலில், சுமை நிறைந்து வேகமாகச் செல்லும்போது அந்த ரயர் வெடிக்குமாயின், குற்றவாளி அன்றைய ஆணியன்று.

இதனாலேயே, அடைப்புத் திரவம் இட்ட ரயரை இயன்றளவு விரைவில் றிம்மிலிருந்து கழற்றி உட்புறத்தைச் சோதிக்க வேண்டும் என்று ரயர்த் தொழிலறிந்தோர் வற்புறுத்துகின்றனர். உட்புறத்தில் கருந்தூள் உதிர்ந்திருந்தாலும், பக்கச்சுவரைச் சுற்றிச் சுருக்கம் விழுந்திருந்தாலும், அந்த ரயர் காற்றின்றி ஓடி நலிந்தது என்பதற்கு அதுவே சான்று. அதற்குப்பின் அது வீதிக்கு உரியதன்று. உட்புறம் நலமாயிருந்து, துளை தரைபடும் பகுதியில் 6 மில்லிமீற்றருக்கு மேற்படாதிருந்தால், உள்ளிருந்து முளையும் ஒட்டும் சேர்ந்த செப்பனிடுதலைச் செய்யலாம். துளையின் வழியை நிரப்புவது முளை. உட்படலத்தை மூடுவது ஒட்டு. இரண்டும் சேர்ந்ததே முறையான பழுதுபார்ப்பு. வெளியிலிருந்து முளையை மட்டும் செருகி அனுப்புவதும், திரவத்தை மட்டும் ஊற்றி அனுப்புவதும், காயத்தின் மேல் துணியைச் சுற்றி நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது போன்றனவே.

ரயரைக் கழற்றும் தொழிலாளியின் நலமும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. உள்ளே திரவம் இருப்பதை அவர் அறியார். றிம்மின் விளிம்பைப் பிரிக்கும்போது அது முகத்திலும் கண்ணிலும் தெறிக்கலாம். அதனினும் கொடிய அபாயமும் உண்டு. காற்றும் திரவமும் ஒன்றாக அடைக்கப்பட்ட சில தகரப் புட்டிகளில், உந்துவிசைக்காகப் புரொப்பேன், பியூற்றேன் போன்ற எரியும் வாயுக்களைப் பயன்படுத்தியிருக்கின்றனர். அவ்வாயு ரயருக்குள் தங்கியிருக்க, அதை அறியாமல் றிம்மை நெருப்பிட்டு ஒட்டவைக்க முற்பட்டபோது ரயர் வெடித்துப் பழுதுபார்ப்போர் காயமடைந்த நிகழ்ச்சிகள் வெளிநாடுகளில் உண்டு. "உள்ளே திரவம் ஊற்றியிருக்கிறேன்" என்று வண்டிக்காரர் சொல்லும் ஒரு வார்த்தை, தொழிலாளியின் கண்ணையும் உயிரையும் காக்கும். அத்தகைய புட்டியைப் புகைபிடிக்கும் இடத்திலும், பூட்டிய காருக்குள் வெயில் படும் இடத்திலும் வைத்தல் ஆகாது.

சைக்கிளோட்டிகளுக்கும் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. ரியூப்பில் திரவம் இருந்தால், பின்னர் ஒட்டுப் போடுதல் கடினம். ஒட்டு நிற்க வேண்டுமாயின் ரியூப்பின் மேற்பரப்பு உலர்ந்தும் தூய்மையாயும் இருத்தல் வேண்டும். துளையினின்று கசியும் திரவம் பசையைப் பிடிக்கவிடாது. ஆதலின் முதலில் அதை வடித்து, கழுவி, உலர்த்தி, அதன்பின்னரே தேய்த்து ஒட்டுதல் வேண்டும். மேலும், உடைமுள் ரயரிலேயே தங்கியிருக்கும்வரை, எத்தனை முறை அடைத்தாலும் அது மீண்டும் குத்திக்கொண்டேயிருக்கும். பழைய சைக்கிள் கடைக்காரர் ஒட்டுப் போட்டவுடன் ரியூப்பைத் திணித்துவிடுவதில்லை. ரயரின் உட்புறத்தை விரலாற் சுற்றித் தடவி, முள்ளைத் தேடிப் பிடுங்கிய பின்னரே பூட்டுவார். எந்தப் புட்டித் திரவமும் அவ்விரலின் வேலையைச் செய்வதில்லை.

துளை விழாமற் காக்கும் முதல் வழியும் விலையற்றதே. வாரத்துக்கொருமுறை, ரயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், காற்றை அளந்து குறித்த அளவுக்கு நிரப்புதல் வேண்டும். தேய்ந்து மெலிந்த ரயரை ஆணி எளிதில் துளைக்கும். அதனைக் காலத்தில் மாற்றுதல் வேண்டும். பள்ளங்களில் சிதறிய ஒட்டுத் துண்டுகளைப் போல ஒரு பயணத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் துளைகள் விழுவது பெரும்பாலும் ஊழ்வினையன்று, ரயரின் முதுமையே.

இவ்வளவும் கூறியதனால் அத்திரவத்தை வெறுத்து ஒதுக்க வேண்டும் என்பதன்று. இருண்ட வீதியில், ஜாக்கி வைக்கவும் இடமில்லாத மணலோரத்தில், வயோதிபர் ஒருவரோ கைக்குழந்தையுடன் ஒரு தாயோ தனித்து நிற்கும்போது, அந்தச் சிறு புட்டி அவர்களை அடுத்த ஊரின் வெளிச்சம் வரை கொண்டு சேர்க்கும். அஃது அற்பமான உதவியன்று. இறப்பர் மரம் தன் காயத்தின் வாயை மூடும் வழியையே மனிதர் ஒரு புட்டிக்குள் அடைத்து வைத்திருக்கின்றனர். மரமோ காயத்தின் வாயைப் பாலால் மூடியபின், உள்ளிருந்து புதுப்பட்டையை வளர்த்துக் காயத்தை ஆற்றிக்கொள்ளும். ரயருக்கு அவ்வாற்றல் இல்லை. அதனை ஆற்ற வேண்டியவர் கடைத்தெருவிலிருக்கும் தொழிலாளியே. அவரிடம் அந்த ரயரை மறுநாட் காலையிலேயே கொண்டு சேர்ப்பது வண்டியை ஓட்டுபவரின் கடமை.